உள்ள எடம் இருக்கு

எடை பார்த்த அன்றைக்குக் கையையும் அளந்தார்கள்.
இரண்டு கையையும் விரித்தால் எனக்கு எழுபத்தேழு அங்குலம்.
டேப்பு பிடித்தவர் நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார்.
மைதீன் பிச்சைக்கு அறுபத்தாறு.
"மிச்சத்த நான் நடந்துக்கிடுதேன்" என்றான்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம்.
மணவறை கழற்றிய மேடைக்கு முன்னால் ரிங்.
வாசல் தெர்மாகோலில் நேற்றைய ஜோடியின் பெயர்.
ஆறு ரவுண்டு.

முதல் இரண்டும் என்னுடையவை.
இடது கையை நீட்டி வைத்திருந்தேன்,
அடிக்கக்கூட இல்லை,
வெயிலுக்குக் கண்ணை மறைப்பது போல.
அவன் நெற்றி அதைத் தொட்டதும் நான் அரையடி பின்னே.
அவன் ஹூக் என் மூக்குக்கு முன்னால்
ஓர் எலுமிச்சம்பழ இடைவெளி விட்டுப் போகும்.
காற்று மட்டும் வந்து சேரும்.
எனக்கு அது பிடிக்கும்.

காவல்கிணற்றில் காற்றாலை மேலே எனக்கு வேலை.
எண்பது மீட்டர். ஆனிக் காற்று.
பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டால்
எவனும் வந்து தோளை இடிக்க மாட்டான்.
பக்கத்தில் படுத்தாலும் உங்களுக்கு ஒரு கஜம் வேணும்
என்பாள் ரெஜினாள்.

மூன்றாவதில் அவன் மாறினான்.
என் ஜாபைத் தட்டவில்லை.
அது திரும்புகையில் கூடவே வந்தான்,
டிக்கெட் எடுக்காமல் இறங்கியவனைத் தொடர்வது போல.
நெற்றி என் கழுத்தெலும்புக் குழியில்.
தோள் என் வலது புயத்தில்.
முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டி
ஆறே அங்குலப் பயணம்.
ஈரலில் ஒன்று.
அந்த வலி உடனே வராது.
கொஞ்சம் யோசித்துவிட்டு வரும்.

மேலப்பாளையம் மினிபஸ்ஸில் கண்டக்டர் அவன்.
எட்டே முக்கால் டிரிப்பில் எண்பது பேருக்கு நடுவே
ஒற்றைக் காலுக்கு இடம் கண்டுபிடிக்கிறவன்.
எந்த இடுப்பை எப்படித் தள்ளினால் கோபம் வராது,
பிரேக்குக்கு முன்னே எந்தத் தோளில் சாய வேண்டும்,
எல்லாம் தெரிந்தவன்.
எனக்கோ கையை மடக்கி வைக்க இடமில்லை.
பந்திக்குள் கொண்டுபோன குடை மாதிரி
அவன் முதுகுக்குப் பின்னால்
இரண்டும் விழித்துக்கொண்டு நின்றன.

"கட்டிப் புடிலே! புடிச்சுத் திருப்பு!"
மூலையிலிருந்து பவுல்பாண்டி.
பிடித்தேன். வியர்வையில் வழுக்கினான்.
பல்லுறைக்குள்ளிருந்து என் காதில் சொன்னான்:
"உள்ள எடம் இருக்கு, அண்ணாச்சி."
கேலியா, பழக்கதோஷமா, இன்றுவரை தெரியாது.

ஆனால் அது எனக்குத் தெரிந்த விஷயம்.
இறக்கையின் நுனிதான் ஆளைக் கொல்லும்.
குடத்தருகே அதே இறக்கை
ஆட்டுக்கல் குழவியின் நிதானத்தில் சுற்றும்.
பதினொரு வருஷமாய்ப் பூட்டுப் போட்டு நிறுத்திவிட்டு
அந்தக் குடத்துக்குள் இறங்கிப் போல்ட்டு முறுக்குகிறேன்.
என் குடத்துக்குள் ஒருத்தன்,
நிறுத்தாமலே இறங்குவான் என்று நினைக்கவில்லை.

ஐந்தாவதில் பின்வாங்குவதை விட்டேன்.
முழங்காலைத் தளர்த்தி, முதுகைச் சுருக்கி
அவன் நெற்றிக்கு என் நெற்றியை முட்டுக் கொடுத்தேன்.
அந்த உயரத்தில் வாசனையே வேறு:
கோடாலித் தைலம், வாஸ்லின், அடியில் எங்கோ டீசல்.
மேஜைக்கடியில் கைமாறும் லஞ்சம் போல ஓர் அப்பர்கட்.
"ம்" என்றான்.
திருப்பி ஒன்று வாங்கி நானும் "ம்" என்றேன்.
ராத்திரிக் கடையில் இரண்டு பேர்
கணக்குப் பார்ப்பது போல அப்படியே போயிற்று.
"என்னலே கொஞ்சிக்கிட்டு நிக்கிய?"
பின்வரிசையில் ஒரு குரல்.

தீர்ப்பு அவனுக்கு, இரண்டுக்கு ஒன்று.
ஒரு நடுவருக்கு மட்டும்
என் முதல் இரண்டு ரவுண்டு மறக்கவில்லை போல.
கையுறை கழற்றும்போது அவன் விரல்களைப் பார்த்தேன்.
குட்டை விரல்கள். கட்டைவிரல் நகத்தில்
டிக்கெட்டு மையின் நீலம்.

ராத்திரி ஐஸ் கட்டித் துணியோடு ரெஜினாள் வந்தாள்.
இருட்டில் என் இடது கை தானாக நீண்டது.
அவள் அதைத் தட்டவில்லை.
"கைய மடக்குங்க" என்றாள்,
"வெளிச்சம் மறைக்கு."